முதுமையும் சிறுநீரகக் குருதியோட்டமும்: ஓர் அளவீட்டின் வரலாறு

மனிதரின் இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து ஏறத்தாழ 300 கிராம் எடை கொண்டவை. உடல் எடையில் இது அரை விழுக்காடு அளவே. ஆனால் ஓய்வாக இருக்கும் ஓர் இளைஞரின் இதயம் ஒரு நிமிடத்தில் வெளியேற்றும் சுமார் 5 லிட்டர் குருதியில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல், அதாவது ஒரு லிட்டருக்குச் சற்று அதிகமாக, இந்த இரு சிறிய உறுப்புகளுக்கே செல்கிறது. சிறுநீரகத் திசுக்கள் உயிர்வாழ இவ்வளவு குருதி தேவையில்லை. உடல் முழுவதற்குமான குருதியைத் தூய்மை செய்யும் பணிக்காகவே இந்தப் பெரும் ஓட்டம் அங்கே திருப்பிவிடப்படுகிறது.

வயது ஏற ஏற இந்த ஓட்டம் குறையும் என்பது மருத்துவ மாணவர்கள் தொடக்கத்திலேயே படிக்கும் செய்தி. முப்பது வயதுக்குப் பின் ஆண்டுக்கு ஒரு விழுக்காடு குறைந்து எண்பதில் பாதியாகிவிடும் என்று பாடநூல்கள் நீண்ட காலம் கூறிவந்தன. முதியவருக்கு ஒரு மருந்தை எவ்வளவு கொடுப்பது, அறுபத்தைந்து வயதுத் தாய் மகனுக்குச் சிறுநீரகம் தானம் செய்யலாமா, எந்தத் தொல்லையும் இல்லாத எழுபத்தைந்து வயதுக்காரரை நோயாளி என்று சொல்லலாமா போன்ற முடிவுகள் இந்த ஒரு வரியைச் சார்ந்து நிற்கின்றன. அந்த வரி யாரை அளந்து பெறப்பட்டது, எப்படி அளந்து பெறப்பட்டது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு.

உயிருள்ள உடலில் அளத்தல்

முதியவர்களின் சிறுநீரகங்கள் சுருங்கியும் மேற்பரப்பு சொரசொரப்பாகவும் இருப்பதைப் பிணக்கூறாய்வு செய்த மருத்துவர்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே அறிந்திருந்தனர். ஆனால் எடையும் வடிவமும்தான் இறந்த உடலில் தெரியும், குருதியோட்டம் தெரியாது. உயிருள்ள மனிதரின் வயிற்றைத் திறந்து சிறுநீரகத் தமனியில் அளவுக்கருவியைப் பொருத்துவதும் நடக்கிற காரியமல்ல. சுற்றுவழி ஒன்று தேவைப்பட்டது.

அதற்கான அடிப்படைக் கருத்தை 1870இல் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் அடால்ஃப் ஃபிக் முன்வைத்தார். ஓர் உறுப்பு ஒரு பொருளைக் குருதியிலிருந்து எவ்வளவு எடுக்கிறது என்பதும், உள்ளே செல்லும் குருதிக்கும் வெளியே வரும் குருதிக்கும் இடையே அப்பொருளின் செறிவு எவ்வளவு மாறுகிறது என்பதும் தெரிந்தால், அந்த உறுப்பின் வழியே ஓடிய குருதியின் அளவைக் கணக்கிட்டுவிடலாம். ஃபிக் இதை இதயத்தின் வெளியேற்றத்தைக் கணக்கிடுவதற்காகச் சொன்னார். சிறுநீரகத்துக்கு இது பொருந்திவர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

டென்மார்க்கைச் சேர்ந்த பவுல் பிரான்ட் ரேபர்க் 1926இல் தாமே கிரியாட்டினின் கரைசலைக் குடித்து, அது சிறுநீரில் எவ்வளவு வெளியேறுகிறது என்று அளந்து, சிறுநீரகத்தின் வடிகட்டும் வேகத்தைக் கணக்கிட்டார். 1920களின் இறுதியில் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் நிறுவன மருத்துவமனையில் டொனால்ட் வான் ஸ்லைக்கின் குழு ‘கிளியரன்ஸ்’ என்னும் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. ஒரு நிமிடத்தில் எத்தனை மில்லிலிட்டர் குருதியிலிருந்து ஒரு பொருள் முற்றிலும் நீக்கப்படுகிறது என்பதே இதன் பொருள். தமிழில் இதைத் தூய்மையாக்க அளவு எனலாம்.

இந்தக் கருவியைக் கூர்மைப்படுத்தியவர் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ஹோமர் ஸ்மித். ஆப்பிரிக்காவின் நுரையீரல் மீன்கள் வறண்ட சேற்றுக்குள் புதைந்து மாதக்கணக்கில் எப்படி உயிர்வாழ்கின்றன என்று ஆராய்ந்தவர் அவர். மீனின் சிறுநீரகத்திலிருந்தே மனிதச் சிறுநீரகத்துக்கு வந்து சேர்ந்தார். இரண்டு வகைப் பொருள்கள் அவருக்குத் தேவைப்பட்டன. ஒன்று, வடிகட்டப்பட்டு அப்படியே வெளியேற வேண்டும். வழியில் உறிஞ்சப்படவும் கூடாது, சுரக்கப்படவும் கூடாது. டேலியாச் செடியின் கிழங்கில் உள்ள இனுலின் என்ற மாவுப்பொருள் இதற்குப் பொருந்தியது. (பெயர் ஒலி ஒத்திருந்தாலும் இன்சுலினுக்கும் இதற்கும் தொடர்பில்லை.) மற்றொன்று, குருதி சிறுநீரகத்தை ஒருமுறை கடக்கும்போதே ஏறத்தாழ முழுவதும் நீக்கப்பட வேண்டும். அப்படி ஒரு பொருள் கிடைத்தால் அதன் தூய்மையாக்க அளவே குருதி நீரின், அதாவது பிளாஸ்மாவின், ஓட்ட அளவாகிவிடும். சிறுநீரக எக்ஸ்ரே படங்களுக்குப் பயன்பட்ட டையோட்ராஸ்ட் என்ற அயோடின் சேர்மம் இதற்கு உதவியது. 1938இல் ஸ்மித், வில்லியம் கோல்ட்ரிங், ஹெர்பர்ட் சேசிஸ் மூவரும் இம்முறையில் இயல்பான மனிதச் சிறுநீரகத்தின் குருதியோட்டத்தை அளந்து வெளியிட்டனர். 1945இல் டையோட்ராஸ்டின் இடத்துக்குப் பாரா அமினோ ஹிப்பூரிக் அமிலம் வந்தது. அதிலும் பத்தில் ஒரு பங்கு தப்பிச் சென்றுவிடுவதால் கிடைக்கும் எண்ணைப் ‘பயன்தரு ஓட்டம்’ என்றே குறிப்பிடுவர்.

சோதனைக்கு வந்தவர் பாடு எளிதல்ல. சிரை வழியே மருந்து சீராக ஏறிக்கொண்டிருக்க வேண்டும். சிறுநீர்ப்பையில் குழாய் செருகி, குறித்த நிமிடங்களுக்கு ஒருமுறை சிறுநீரை ஒரு துளியும் விடாமல் சேகரிக்க வேண்டும். இடையிடையே குருதி எடுக்க வேண்டும். இப்படிப்பட்ட சோதனைக்கு முதியவர்களை உட்படுத்தியது அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் இயங்கிய குழு.

பால்டிமோரின் எழுபது ஆண்கள்

அமெரிக்க அரசின் முதுமை ஆய்வுப் பிரிவுக்கு 1941 இறுதியில் பொறுப்பேற்றவர் நேதன் ஷாக். பால்டிமோர் நகர மருத்துவமனை வளாகத்தில் அந்தப் பிரிவு இயங்கியது. முதுமை என்பது நோய்களின் தொகுப்பா, அல்லது நோயே இல்லாதபோதும் நிகழும் ஒரு மாற்றமா என்ற கேள்வியே ஷாக்கை இயக்கியது. அதற்கு விடை காண, எண்ணால் சொல்லக்கூடிய ஓர் உடற்செயல் அவருக்கு வேண்டியிருந்தது. ஸ்மித்தின் முறை அதைத் தந்தது.

டேவிஸும் ஷாக்கும் 24 முதல் 89 வயது வரையிலான 70 ஆண்களை அளந்து 1950இல் முடிவுகளை வெளியிட்டனர். வடிகட்டும் வீதம் இருபது வயதினரிடம் நிமிடத்துக்குச் சராசரி 122.8 மில்லிலிட்டர், எண்பது வயதினரிடம் 65.3. பிளாஸ்மா ஓட்டம் 613 மில்லிலிட்டரிலிருந்து 289 ஆக, அதாவது 53 விழுக்காடு குறைந்திருந்தது. வடிகட்டுதலைவிட ஓட்டம் அதிகமாகக் குறைந்திருப்பதைக் கவனிக்க வேண்டும். இளைஞரின் சிறுநீரகம் தன்னிடம் வரும் பிளாஸ்மாவில் 20 விழுக்காட்டை வடிகட்டியது. முதியவரின் சிறுநீரகம் 22 விழுக்காட்டுக்கும் மேல் வடிகட்டியது. வரத்து குறைந்தபோது, வந்ததில் கூடுதல் பங்கைப் பிழிந்தெடுத்து அந்தச் சிறுநீரகம் ஈடுகட்ட முயன்றிருக்கிறது.

இது நேர்த்தியான ஆய்வு. இன்றைக்கும் இதன் எண்களை யாரும் தவறென்று சொல்வதில்லை. சிக்கல் அந்த எண்களிலிருந்து எடுக்கப்பட்ட முடிவில் இருந்தது. 1962இல் ஷாக் சயன்டிஃபிக் அமெரிக்கன் இதழில் முதுமையின் உடலியக்கம் பற்றி எழுதினார். நரம்பின் வேகம், இதய வெளியேற்றம், மூச்சின் கொள்ளளவு, சிறுநீரகக் குருதியோட்டம் ஆகிய ஒவ்வொன்றும் முப்பது வயதிலிருந்து கீழ்நோக்கிச் சரியும் கோடாக வரையப்பட்ட அவரது விளக்கப்படம் மிகவும் புகழ்பெற்றது. சிறுநீரகத்தின் கோடு செங்குத்தாகச் சரிபவற்றுள் ஒன்று. பாடநூல்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டன. எழுபது தனித்தனி மனிதர்களின் அளவுகள், ஒரே மனிதர் வயதாகும் கதையாக மாறிவிட்டன.

எழுத்தறிவுக் கணக்கு போல

இதிலுள்ள இடர்ப்பாட்டை ஓர் உவமையால் விளக்கலாம். 1950இல் ஒரு சிற்றூரில் வயதுவாரியாக எழுத்தறிவைக் கணக்கெடுத்தால், பள்ளி செல்லும் பிள்ளைகளில் பலரும் படிப்பார்கள். எழுபது வயதினரில் மிகச் சிலரே படிப்பார்கள். வயதானால் எழுத்து மறந்துவிடும் என்று இதிலிருந்து யாரும் முடிவு கட்டமாட்டார்கள். அந்த முதியவர்கள் பிள்ளைகளாக இருந்தபோது ஊரில் பள்ளி இல்லை, அவ்வளவுதான்.

பால்டிமோரில் அளக்கப்பட்ட எண்பது வயதினர் 1870க்கு முன்போ அதையொட்டியோ பிறந்தவர்கள். நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் இல்லாத காலத்தில் வளர்ந்தவர்கள். உயர் குருதியழுத்தத்தைக் குறைக்கத் தகுந்த மருந்தில்லாமலேயே நடுவயதைக் கடந்தவர்கள். அவர்களுக்கும் இருபது வயது இளைஞருக்கும் இடையே அறுபது ஆண்டு வயது வேறுபாடு மட்டும் இல்லை. வேறு வேறு உலகங்களில் வாழ்ந்த வேறுபாடும் உண்டு. ஒரே காலத்தில் பல வயதினரை ஒருமுறை மட்டும் அளக்கும் இவ்வகை ஆய்வைக் குறுக்குவெட்டு ஆய்வு என்பர். ஒருவருக்கு வயது என்ன செய்கிறது என்பதை அறிய, அதே மனிதரைப் பல ஆண்டுகள் திரும்பத் திரும்ப அளக்க வேண்டும்.

இதை ஷாக்கும் உணர்ந்திருந்தார் என்பது அவரது பெருமை. ஓய்வுபெற்ற மருத்துவரான வில்லியம் பீட்டரின் ஊக்கத்தோடு 1958இல் பால்டிமோர் முதுமைத் தொடராய்வு தொடங்கியது. பீட்டரே தம் நண்பர்களையும் அறிந்தவர்களையும் தன்னார்வலர்களாகச் சேர்த்தார். அவர்கள் குறித்த காலத்துக்கு ஒருமுறை மருத்துவமனைக்கு வந்து தங்கிச் சோதனைகளுக்கு உட்பட்டனர். முதல் இருபது ஆண்டுகள் ஆண்கள் மட்டுமே சேர்க்கப்பட்டனர். பெண்கள் 1978இல்தான் அனுமதிக்கப்பட்டனர். பங்கேற்றவர்களில் பெரும்பாலோர் கல்வியும் வசதியும் உடைய வெள்ளையர். ஆக, இந்த ஆய்வும் எல்லா மனிதருக்குமான கண்ணாடி அல்ல.

தொடராய்வு முதிரப் பல்லாண்டுகள் தேவைப்பட்டன. அதற்கிடையே குறுக்குவெட்டு முறையிலேயே முக்கியமான ஆய்வு ஒன்று பாஸ்டனிலிருந்து வந்தது. சிறுநீரக மாற்றுச் சிகிச்சை பரவத் தொடங்கியதால், தானம் தர முன்வந்த நலமான மனிதர்களின் சிறுநீரகத் தமனிகளை நேரடியாகச் சோதிக்கும் வாய்ப்பு மருத்துவர்களுக்குக் கிடைத்திருந்தது. நார்மன் ஹாலன்பெர்க்கின் குழு 207 பேரிடம் செனான் வாயுவின் கதிரியக்க வடிவத்தைச் செலுத்தி, அது எவ்வளவு விரைவாகக் கழுவிச் செல்லப்படுகிறது என்று அளந்து 1974இல் வெளியிட்டது. சிறுநீரகம் சிறுத்துப்போவதால் மட்டும் ஓட்டம் குறைவதில்லை, ஒரு கிராம் திசுவுக்குச் செல்லும் குருதியும் வயதோடு குறைகிறது என்று அது காட்டியது. குறைவு பெரிதும் புறணிப் பகுதியில் இருந்தது. மேலும், குழாய்களைச் சுருக்கும் ஆன்ஜியோடென்சினுக்கு முதியவர்களின் சிறுநீரகக் குழாய்கள் இளைஞர்களுடையதைப் போலவே பதில் தந்தன. விரிக்கும் அசிட்டைல்கோலினுக்குக் குறைவாகவே விரிந்தன. சுருங்கத் தெரிந்த குழாய் விரிய மறந்துவருகிறது என்பதே இதன் சாரம். குழாயின் நெகிழ்வு பற்றிய பேச்சு இங்கேதான் சிறுநீரக வரலாற்றுக்குள் நுழைகிறது.

தசை மறைத்த குறை

அன்றாட மருத்துவத்தில் சிரைவழி இனுலினும் சிறுநீர்க் குழாயும் சாத்தியமில்லை. அங்கே பயன்படுவது குருதியில் கிரியாட்டினின் அளவு. தசைகளில் உருவாகும் இக்கழிவுப்பொருளைச் சிறுநீரகம் வெளியேற்றுகிறது. சிறுநீரகம் தளர்ந்தால் குருதியில் இது ஏறும். ஆனால் முதுமையில் தசையும் கரைவதால் கிரியாட்டினின் உருவாவதே குறைந்துவிடுகிறது. வரவும் குறைந்து செலவும் குறைந்தால் கையிருப்பு மாறாமல் தெரிவதுபோல, சிறுநீரகம் பாதியாகத் தளர்ந்திருந்தாலும் சோதனைத் தாளில் ‘இயல்பு’ என்றே வரும். பால்டிமோர் தொடராய்வின் 548 ஆண்களை ஆராய்ந்து ஜான் ரோவும் உடனாய்வாளர்களும் 1976இல் இதைத் தெளிவுபடுத்தினர்.

அதே ஆண்டில் கனடாவின் டொனால்ட் காக்கிராஃப்ட், ஹென்றி கால்ட் இருவரும் 249 நோயாளிகளின் அளவுகளைக் கொண்டு ஒரு சூத்திரம் அமைத்தனர். 140இலிருந்து வயதைக் கழித்து, அதைக் கிலோகிராம் எடையால் பெருக்கி, வந்த தொகையைக் கிரியாட்டினின் அளவின் 72 மடங்கால் வகுக்க வேண்டும். கிரியாட்டினின் 1.0 என்றே இருக்கும் இருவரை எடுத்துக்கொள்வோம். 72 கிலோ எடையுள்ள முப்பது வயதுக்காரருக்கு விடை 110. 48 கிலோ எடையுள்ள எண்பது வயதுக்காரருக்கு 40. சோதனைத் தாளில் ஒரே எண். உண்மையில் மும்மடங்குக்கு அருகில் வேறுபாடு. டிகாக்சின், ஜென்டாமைசின் போன்ற மருந்துகளை இருவருக்கும் ஒரே அளவில் கொடுத்தால் முதியவருக்கு நஞ்சாகும். இந்தச் சிறு சூத்திரம் காப்பாற்றிய உயிர்கள் பல. ஆனால் இதை உருவாக்கப் பயன்பட்ட நோயாளிகளில் ஏறத்தாழ எல்லாருமே ஆண்கள். பெண்களுக்கு 15 விழுக்காடு கழிக்க வேண்டும் என்பது தசை அளவைக் கருதி வைத்துக்கொண்ட மதிப்பீடே.

மூன்றில் ஒருவர்

தொடராய்வின் விடை 1985இல் வந்தது. ராபர்ட் லின்டெமன், ஜோர்டன் டோபின், ஷாக் ஆகியோர் 1958 முதல் 1981 வரை ஒவ்வொருவரிடமும் ஐந்து முதல் பதினான்கு முறை எடுக்கப்பட்ட கிரியாட்டினின் தூய்மையாக்க அளவுகளைத் தொகுத்தனர். சிறுநீரக நோயோ உயர் குருதியழுத்தமோ இல்லாத 254 பேரில் சராசரிக் குறைவு ஆண்டுக்கு நிமிடத்துக்கு 0.75 மில்லிலிட்டர். சராசரி பழைய கதையையே சொன்னது. ஆனால் தனித்தனியே பார்த்தபோது, மூன்றில் ஒரு பங்கினருக்கு எந்தக் குறைவும் இல்லை. மிகச் சிலருக்கு அளவு கூடியும் இருந்தது.

1950இல் சரியும் கோட்டை உலகுக்குக் கொடுத்தவரே, முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து அது எல்லாருக்கும் பொருந்தாது என்ற கட்டுரையில் கையெழுத்திட்டார். நான்கு ஆண்டுகள் கழித்து ஷாக் மறைந்தார். அதே குழு 1984இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, குருதியழுத்தம் உயர்ந்தவர்களிடம் சரிவு விரைவாக இருந்ததைக் காட்டியிருந்தது. வயதின் மேல் சுமத்தப்பட்ட பழியில் ஒரு பங்கு அழுத்தத்தின் கணக்கில் சேர வேண்டியது என்று ஆயிற்று.

ஆனால் மறுபக்கமும் உண்டு. மேயோ கிளினிக்கில் சிறுநீரகம் தானம் செய்த 1,203 நலமான மனிதர்களின் திசுத்துண்டுகளை நுண்ணோக்கியில் பார்த்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், தமனித் தடிப்பும் தழும்பும் சேர்ந்த மாற்றங்கள் முப்பதுக்குக் கீழ்ப்பட்டவர்களில் 2.7 விழுக்காட்டினரிடமும், எழுபதைத் தாண்டியவர்களில் 73 விழுக்காட்டினரிடமும் காணப்பட்டன. குருதியழுத்தம் முதலியவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும் வயதோடான இத்தொடர்பு நீங்கவில்லை. இவர்கள் எல்லாரும் தானம் செய்யத் தகுதியானவர்கள் என்று தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். எனவே, வயது சிறுநீரகத்தைத் தொடவே இல்லை என்று சொல்வதும் மிகையாகும்.

இந்த இழுபறிக்கு நடுவேதான் 2002இல் அமெரிக்க வழிகாட்டி நெறிகள், வடிகட்டும் வீதம் 60க்குக் கீழ் மூன்று மாதம் நீடித்தால் அது நாள்பட்ட சிறுநீரக நோய் என்று எல்லா வயதினருக்கும் ஒரே வரம்பை வகுத்தன. இருபது வயதுக்கும் எண்பது வயதுக்கும் ஒரே கோடு. இதனால் முதியவர்கள் பெருந்தொகையாக ஒரே நாளில் நோயாளிகளாயினர் என்று ஒரு தரப்பு வாதிட்டது. நோய் தொடக்கத்திலேயே கண்டறியப்படுகிறது என்று மறுதரப்பு சொன்னது. சிறுநீரில் புரதம் கசியாத, குருதியழுத்தம் அடங்கிய ஓர் எண்பது வயதுக்காரருக்கு 55 என்ற எண்ணைக் காட்டி நோய்ப்பெயர் சூட்டுவதால் அச்சம் மிஞ்சுமே தவிர, அவருக்குக் கிடைக்கும் நன்மை சொற்பம் என்பதில் முதல் தரப்பின் வாதமே வலுவானது.

உடல் நெகிழ்வும் தமனி நெகிழ்வும்

சிறுநீரகத்துக்குள் குருதி நுழையும் வழி மற்ற உறுப்புகளிலிருந்து வேறுபட்டது. அங்கே தடை குறைவு, ஓட்டம் மிகுதி. பெருந்தமனி இளமையில் ரப்பர் குழாய்போல விரிந்து சுருங்கி, இதயத்தின் ஒவ்வோர் அடியையும் மென்மையான ஓட்டமாக மாற்றித் தருகிறது. வயதாகிப் பெருந்தமனி விறைக்கும்போது அந்த அடி தணியாமல் நுண்குழாய்கள் வரை சென்று தாக்குகிறது. தடை குறைந்த மூளையும் சிறுநீரகமும் இதனால் முதலில் பாதிக்கப்படுகின்றன என்று மைக்கேல் ஓ’ரூர்க், மிஷெல் சஃபார் இருவரும் 2005இல் விளக்கினர். ஹாலன்பெர்க் கண்ட ‘விரிய மறுக்கும் குழாய்’ இந்த விளக்கத்தில் தனக்குரிய இடத்தைப் பெற்றது.

உடற்பயிற்சிக்கும் சிறுநீரக ஓட்டத்துக்கும் உள்ள உறவு முதல் பார்வையில் எதிர்மறையானது. பயிற்சியின்போது குருதி தசைகளுக்குத் திருப்பப்படுவதால் சிறுநீரக ஓட்டம் குறையும். ஸ்மித்தின் முறையைக் கொண்டே 1940களில் இது அளக்கப்பட்டது. 1990களில் லாரி கென்னியின் குழு முதியவர்களிடம் இந்தத் திருப்பம் இளைஞர்களைவிடக் குறைவாக நிகழ்வதைக் கண்டது. எனவே பயிற்சியால் நன்மை உண்டென்றால் அது பயிற்சி நேரத்து ஓட்டத்தில் இல்லை. ஆண்டுக்கணக்கில் குருதியழுத்தத்தையும் தமனியின் நிலையையும் அது மாற்றுவதில் இருக்கிறது.

மூட்டும் தசையும் வளையும் தன்மை இந்தக் கதைக்குள் வந்தது மிக அண்மையில். தரையில் கால் நீட்டி அமர்ந்து, முழங்கால் மடங்காமல் விரல்களால் பாதத்தைத் தொட முயலும் சோதனையை 1952இல் கேத்தரின் வெல்ஸ், எவலின் டில்லன் என்ற இரு உடற்கல்வி ஆசிரியைகள் முறைப்படுத்தினர். பள்ளி மாணவர்களின் உடற்தகுதித் தேர்வுகளில் இடம்பெற்ற எளிய சோதனை அது. ஜப்பானில் யமமோட்டோவும் உடனாய்வாளர்களும் 20 முதல் 83 வயது வரையிலான 526 பேரிடம் இதைச் செய்துபார்த்து, கூடவே தமனியில் நாடித்துடிப்பு பரவும் வேகத்தையும் அளந்தனர். குழாய் விறைத்தால் துடிப்பு விரைவாகப் பரவும். 2009இல் வெளியான முடிவு: நடுவயதினரிலும் முதியவர்களிலும், நன்றாகக் குனிய முடியாதவர்களின் தமனிகள் கூடுதல் விறைப்போடு இருந்தன, இளைஞர்களிடம் அப்படியொரு தொடர்பு இல்லை.

குனிந்து பாதம் தொட்டால் சிறுநீரகத்துக்குக் குருதி பெருகும் என்று இதைச் சிலர் பரப்பிவிட்டனர். ஆய்வு அளந்தது தமனி விறைப்பையே தவிர சிறுநீரக ஓட்டத்தை அல்ல. அதோடு, ஒவ்வொருவரையும் ஒரே ஒருமுறைதான் அளந்தது. 1950இல் பால்டிமோரில் செய்ததைப் போலவே. இதைவிட ஒரு படி மேலே நிற்பது 2008இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு. நடுவயதினரையும் முதியவர்களையும் பிரித்து ஒரு பிரிவினருக்கு எடைப் பயிற்சி தரப்பட்டது. ஒப்பீட்டுக்காக வைக்கப்பட்ட மற்றொரு பிரிவினர் உடலை நீட்டி வளைக்கும் பயிற்சி மட்டும் செய்தனர். பதின்மூன்று வாரங்களுக்குப் பின், அந்த ஒப்பீட்டுப் பிரிவினரின் கழுத்துத் தமனி முன்னைவிட நெகிழ்ந்திருந்தது. அங்கே ஒரே மனிதர்கள் இருமுறை அளக்கப்பட்டிருந்தனர்.